தேதியில்லாத வினாத்தாள்

2024 மே 5 அன்று நடந்த நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் இரண்டு கூற்றுகள் கொண்ட ஒரு வினா வந்தது. நேர், எதிர் மின்சுமைகள் சமமாக இருப்பதால் அணுக்கள் மின்நடுநிலை கொண்டவை என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை என்பது இரண்டாவது. என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பைப் படித்தவருக்கு இரண்டுமே சரி, அதாவது இரண்டாவது விடை. புதிய பதிப்பிலோ ‘ஒவ்வொரு தனிமத்தின்’ என்ற இடம் ‘பெரும்பாலான தனிமங்களின்’ என்று திருந்தியிருந்தது. அதைப் படித்தவருக்கு இரண்டாம் கூற்று மட்டும் தவறு, அதாவது நான்காவது விடை. தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில் நீதிமன்றம் டெல்லி ஐஐடியின் மூவர் குழுவிடம் கருத்துக் கேட்க, நான்காவது விடை ஒன்றுதான் சரி என்று பதில் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் இழந்தார்கள்: கிடைத்த நான்கு பறிபோனது, அதோடு ஒரு மைனஸ். 720க்கு 720 வாங்கியவர்களின் எண்ணிக்கை 61இலிருந்து 17ஆகச் சுருங்கியது.

பலரும் இதைப் பாடநூல் குழப்பம் என்றோ தேர்வு முகமையின் அலட்சியம் என்றோ பேசிவிட்டுக் கடந்துபோனார்கள். இணையவழி நீட் பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். பாடநூல் வரியை அப்படியே கூற்றாக்கிக் கேட்பது நீட் பயிற்சி வினாக்களின் வாடிக்கை. அப்படி ஒரு வினா அச்சடித்த கைடில் இருந்தால், அடுத்த பதிப்பு வரும்வரை பிழை பிழையாகவே கிடக்கும். இணையப் பயிற்சியில் ஒருவர் உட்கார்ந்து விடைக்குறிப்பில் இரண்டை நான்காக்கினால் வேலை முடிந்தது. அன்று மாலை அந்த டெஸ்டை எழுதும் மாணவிக்குச் சரியான விடை கிடைத்துவிடும். முந்தின வாரமே எழுதி, இரண்டு என்று குறித்து, பச்சை டிக் வாங்கி, அதையே மனத்தில் இருத்திக்கொண்டு போனவளுக்கு யார் சொல்வது? அவளுடைய பழைய மதிப்பெண் ஐந்து குறைந்து காட்டப்படலாம், காட்டப்படாமலும் போகலாம். குறைந்தால் ஏன் குறைந்தது என்று அவளுக்குத் தெரியாது. குறையாவிட்டால் தான் தவறாகக் கற்றது தெரியாது.

வினாத்தொகுப்புகளை மாற்றலாமா என்று விவாதிப்பதில் பொருளில்லை. மாற்றாமல் யாராலும் காலம் தள்ள முடியாது. 2021 முதல் நீட் கண்ட மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கொரோனாவை ஒட்டி 2021இல் ஒவ்வொரு பாடமும் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு பிரிவாயிற்று. ‘அ’வில் 35 வினாவும் கட்டாயம். ‘ஆ’வில் 15 கொடுத்துப் பத்துக்கு விடை கேட்டார்கள். மொத்தம் 200 வினாக்களில் 180. மறு ஆண்டு நேரமும் 20 நிமிடம் கூடி 200 நிமிடமானது. 2023 அக்டோபரில், தேர்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைக் குறைத்தது. வேதியியலில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், உயிரியலில் செரிமானம் மற்றும் உட்கிரகித்தல், தாவரங்களில் கனிம ஊட்டம் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போயின. சில புதிதாக நுழைந்தன. இயற்பியலில் செய்முறைத் திறன் ஓர் அலகாகவே வந்தது. 2025இல் ‘ஆ’ பிரிவு நீங்கி, பழையபடி 180 வினா, 180 நிமிடம். நான்கைந்து ஆண்டுக்குள் தேர்வே இத்தனை முறை உருமாறினால், அதற்குத் தயார்செய்யும் தொகுப்பு மாறாமல் நிற்க முடியாது.

இணையப் பயிற்சியின் உண்மையான பலம் இந்த வேகம்தான் என்பதில் ஐயமில்லை. 2023 அக்டோபரில் கடைகளில் இருந்த கைடுகள் எல்லாம் ஒரே நாளில் பாதி பழசாகிவிட்டன. நானூறு, ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள் நீக்கப்பட்ட அத்தியாயங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டு படித்தார்கள். இணையத்தில் அந்த அத்தியாயங்களின் வினாக்களை மறைப்பது ஓர் இரவு வேலை.

இன்னொரு பலத்தைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பல்லாயிரம் பேர் ஒரு வினாவை எழுதும்போது, அவர்கள் குறித்த விடைகளே அந்த வினாவைப் பரிசோதித்துவிடுகின்றன. மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் 27 சதவீதத்தினரையும் கீழே இருக்கும் 27 சதவீதத்தினரையும் தனித்தனியே எடுத்து, அந்த ஒரு வினாவை யார் எவ்வளவு சரியாகப் போட்டார்கள் என்று ஒப்பிடுவது தேர்வியலில் பழைய முறை. மேல் வரிசை மாணவர்கள் கூட்டமாக ஒரு விடையைக் குறித்திருக்க, விடைக்குறிப்பு வேறொன்றைச் சொன்னால், பெரும்பாலும் தப்பு விடைக்குறிப்பில்தான் இருக்கும். கீழ் வரிசை சரியாகவும் மேல் வரிசை தவறாகவும் போட்டால் வினாவின் வாக்கியத்தில் ஏதோ கோளாறு. நன்கு படித்தவர் கூடுதலாக யோசித்து மாட்டிக்கொள்கிறார் என்று பொருள். இப்படித் தன் வினாக்களைத் தானே சலித்தெடுக்கும் வசதி அச்சுப் புத்தகத்துக்கு வாய்க்காது. தரவைப் பார்த்து வினாவை நீக்கும் பயிற்சி நிறுவனம் உண்மையான சேவை செய்கிறது. வாட்ஸ்அப்பில் நாலு மாணவர்கள் திட்டியதால் நீக்குவது வேறு சங்கதி. மாணவர்கள் திட்டும் வினா பல நேரம் நல்ல வினாவாகவே இருக்கும்.

இனி பழுதுகளுக்கு வருவோம். பயிற்சி வினாத்தொகுப்புக்கு இரண்டு வேலை: கற்றுக்கொடுப்பது ஒன்று, கற்றது எவ்வளவு என்று அளந்து சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்கு மாற்றம் உதவும். இரண்டாவதற்கு மாற்றமே பகை. நெல்லை அளந்துகொண்டிருக்கும்போது நடுவில் மரக்காலை மாற்றிவிட்டால், கணக்கில் வருவது நெல்லின் அளவா மரக்காலின் அளவா என்று யாராலும் சொல்ல முடியாது. இணையப் பயிற்சிகளில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே கிடங்கிலிருந்து நடக்கின்றன. அத்தியாயப் பயிற்சிக்கு வரும் வினாவே முழுத்தேர்விலும் தலைகாட்டும். ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் திருந்திவிடும். கிடங்கை வைத்திருப்பவருக்கு இது வசதி. எழுதுபவர் நிலைமை வேறு.

ஜூலையில் 520 எடுத்த பையன் அக்டோபரில் 560 எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மகிழ்ச்சி. இடையில் அந்தத் தொகுப்பிலிருந்து சர்ச்சைக்குரிய வினாக்கள் நீங்கி, இரண்டு கடினமான அத்தியாயங்கள் போய், விடைக்குறிப்பில் சில இடங்கள் திருந்தியிருந்தால், அந்த 40 மதிப்பெண்ணில் எவ்வளவு அவனுடையது? எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் கொடுமை. பையன் படித்துக்கொண்டுதான் இருப்பான், தாள் கடினமாகியிருக்கும், எண் இறங்கும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதுகிற ரிப்பீட்டர் மாணவர்களுக்கு ஐம்பது மதிப்பெண் சரிவு தூக்கத்தைப் பறித்துவிடும்.

‘மதிப்பெண்ணைப் பார்க்காதே, படிப்பைப் பார்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணை முகப்பில் பெரிதாக எழுதி, பக்கத்தில் அகில இந்திய ரேங்க் என்று ஒரு எண்ணையும் போட்டு, வாராவாரம் கோட்டுப்படம் வரைந்து பெற்றோருக்கு அனுப்புவதும் அதே பயிற்சி நிறுவனம்தான். அந்த ரேங்க், பணம் கட்டி அந்த டெஸ்டை அந்த நாளில் எழுதியவர்களுக்குள் கிடைத்த இடம் மட்டுமே. பத்து நாள் கழித்து, திருத்திய வினாத்தாளை எழுதுபவரையும் அதே பட்டியலில் செருகும்போது அந்தக் குறைந்த பொருளும் அதற்கு இல்லாமல் போகிறது.

தேர்வே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே, பயிற்சியில் மட்டும் நிலையான அளவுகோல் எதற்கு என்று கேட்கலாம். பொதுப்பிரிவில் தகுதிக்கு வேண்டிய 50ஆவது சதமானத்தின் மதிப்பெண் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. உச்ச மதிப்பெண் 2024இல் முழு 720, 2025இல் 686. மூலத்தேர்வே இப்படி ஊசலாடும்போது பயிற்சித் தேர்வு நிலையாக இருந்தாக வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மாணவர் தன் வளர்ச்சியை அளக்க அசையாத ஓர் இடமாவது வேண்டும். மே மாதத் தாள் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. அக்டோபரில் இருந்ததைவிட ஜனவரியில் தேறியிருக்கிறோமா என்பதையாவது அவர் தெரிந்துகொள்ளலாம், தாள் மாறாமல் இருந்தால்.

பெரிய தேர்வு அமைப்புகள் இந்தச் சிக்கலை எப்போதோ உணர்ந்துவிட்டன. வேறு வேறு தாள்களில் பொதுவான சில வினாக்களை நங்கூரம்போல் வைத்து, அவற்றில் மாணவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொண்டு ஒரு தாளின் மதிப்பெண்ணை இன்னொரு தாளின் அளவுக்குக் கொண்டுவரும் முறை உண்டு. அதற்குப் புள்ளியியல் தெரிந்த ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். ஐந்நூறு ரூபாய் டெஸ்ட் சீரிஸிடம் அதை எதிர்பார்ப்பது அதிகம் என்பதை ஏற்கிறேன். அதைவிட எளிய வழி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வில், பல பத்தாண்டுகளாக இருந்த ‘லாஜிக் கேம்ஸ்’ பகுதி 2024 ஆகஸ்டிலிருந்து நீக்கப்பட்டது. அதுவரை இருந்த அதிகாரபூர்வப் பயிற்சித் தாள்கள் அனைத்தும் அந்தப் பகுதியோடு அமைந்தவை. தேர்வை நடத்தும் அமைப்பு பழைய வினாக்களைப் புதிய வடிவத்துக்கு ஏற்ப அடுக்கித் தாள்களை உருவாக்கியது. பழைய எண்களையே வைத்துக்கொள்ளாமல் 101 என்று புதிய வரிசையில் எண்ணிட்டது. பழைய வரிசைத் தாளில் எடுத்ததையும் 101இல் எடுத்ததையும் ஒப்பிடுவது சரியில்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நம்மிடம் நடப்பது நேர்மாறு. ‘நீட் 2019 வினாத்தாள்’ என்ற பெயரில் ஒரு மாக் டெஸ்ட் இருக்கும். திறந்து பார்த்தால் திடநிலைமையும் பலபடிகளும் காணாமல் போயிருக்கும்; அந்த இடங்களில் வேறு அத்தியாய வினாக்கள் உட்கார்ந்திருக்கும். பாடத்திட்டத்தில் இல்லாததை நீக்கியது சரி. தலைப்பில் 2019 என்றே விட்டது பொய். மாணவர் அதை எழுதிவிட்டு, அந்த ஆண்டில் 134 தகுதி மதிப்பெண் என்று எங்கோ படித்ததோடு தன் எண்ணைப் பொருத்திப் பார்க்கிறார். அவர் எழுதியது 2019 தாளே இல்லை.

நீக்கப்பட்ட அத்தியாயம் பற்றி ஓர் உபரிச் செய்தி. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவருக்கு வேதியியல் முதல் தொகுதியில் திடநிலைமை பாடம் இருக்கிறது; பொதுத்தேர்வில் அதிலிருந்து வினா வரும். நீட்டுக்கு வேண்டாம் என்று பயிற்சித் தளத்திலிருந்து அதைத் துடைத்தெடுத்தால், இரண்டு தேர்வுக்கும் ஒரே இடத்தில் படித்துக்கொண்டிருந்தவருக்குத் தான் ஆறு மாதம் போட்ட கணக்குகளும் குறித்துவைத்த தவறுகளும் சேர்ந்து போய்விடும். ஒதுக்கிவைப்பதற்கும் அழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

2025இல் ‘ஆ’ பிரிவு போனபோது இன்னொரு வேடிக்கை. நான்கு ஆண்டுகளாக உருவாக்கிய முழுத்தேர்வுகள் எல்லாம் 200 வினாக்கள் கொண்டவை. அவற்றை 180 ஆக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் ஐந்தை வெட்ட வேண்டும். எந்த ஐந்தை? கடினமானவற்றை வெட்டினால் தாள் எளிதாகும். ‘ஆ’ பிரிவின் கடைசி ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், எந்த அத்தியாயத்துக்கு எத்தனை வினா என்ற கணக்கு குலையும். அதைவிட ஆழமான மாற்றம் ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகள் மாணவர்கள் பழகியது பாடத்துக்கு ஐந்து வினாக்களை விட்டுவிடும் கலையை. தெரியாததைத் தாண்டிப் போவதற்கு அங்கே தண்டனை இல்லை. இப்போது விட்டால் நான்கு மதிப்பெண் போகும். ஊகித்துப் போட்டால் நாலில் ஒரு வாய்ப்பு, தவறினால் மைனஸ் ஒன்று. ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் குறித்தாலும் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண் தேறும். ஒரு விடையையாவது தவறென்று ஒதுக்க முடிந்தால் அது மூன்றில் இரண்டு மதிப்பெண்ணாக உயரும். விடுவதா போடுவதா என்று முடிவெடுக்கும் திறனே வேறாகிவிட்டது. வினாக்களின் எண்ணிக்கையை மட்டும் வெட்டிவிட்டு ‘புதிய பேட்டர்னுக்கு மாற்றப்பட்டது’ என்று பலகை மாட்டுவதில் இந்த மாற்றம் எங்கும் தெரிவதில்லை.

அதே ஆண்டு இயற்பியல் தாள் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. உடனே பயிற்சி உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கடினமான தாள் வந்துவிட்டால், அடுத்த ஆண்டுத் தொகுப்பில் நீளமான கணக்குகளையும் ஜேஇஇ வாடை அடிக்கும் வினாக்களையும் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓர் ஆண்டுத் தாள் ஒரு மாதிரிதான். அதிலிருந்து போக்கைக் கணிப்பது அவசரம். மேலே சொன்ன நான்கு ஆண்டுத் தகுதி மதிப்பெண்களில் மூன்று ஏறிவிட்டு நான்காவது இறங்குகிறது. 2024 தாளைப் பார்த்து எளிய வினாக்களை அதிகமாக்கியவர்கள் 2025இல் மாட்டிக்கொண்டார்கள். கடந்த தேர்வைத் துரத்தும் தொகுப்பு எப்போதும் ஓர் ஆண்டு பின்தங்கியே ஓடும். அடிப்படை, நடுத்தரம், கடினம் மூன்றையும் ஓர் ஒழுங்கில் வைத்து, அந்த ஒழுங்கை ஆண்டுதோறும் பெரிதாக அசைக்காத ஆசிரியர் எனக்கு நம்பத்தக்கவராகத் தெரிகிறார். அவருக்கு விற்பனை குறைவாக இருக்கும்.

‘புதிய வினாக்கள் சேர்க்கப்பட்டுள்ளன’ என்ற அறிவிப்பையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். வழக்கமாக நடப்பது எண்மாற்றம். சாய்தளத்தில் உராய்வோடு வழுக்கி இறங்கும் 5 கிலோ கட்டையின் முடுக்கத்தைக் கேட்ட வினா, 8 கிலோ கட்டையோடு திரும்பி வரும். அந்தக் கணக்கில் நிறை இருபுறமும் அடிபட்டுப் போகும். முடுக்கத்தைத் தீர்மானிப்பது சாய்கோணமும் உராய்வுக் குணகமும் மட்டும்தான். அதனால் 5ஐ 8ஆக்கியவர் எதையுமே மாற்றவில்லை. விடைகூட அதே எண்தான். அதே வினாவில் முடுக்கத்தைக் கொடுத்துவிட்டு உராய்வுக் குணகத்தைக் கேட்டால் அது புதிய வினா. கட்டை மேல்நோக்கித் தள்ளப்பட்டால் உராய்வு எந்தத் திசையில் என்று கேட்டால் அதுவும் புதியது. உயிரியலில் எண்மாற்றத்துக்கு வழியில்லை என்பதால் ‘சரியானது எது’ என்பது ‘தவறானது எது’ என்று திரும்பும், விடைகளின் வரிசை குலுக்கப்படும். 180இல் 90 வினா உயிரியல் என்பதால், தொகுப்பின் எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்க இதுவே சுலபமான வழி.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்ட வினாவையே மறுபடி காண்பது கற்றலுக்குக் கெடுதல் இல்லை. நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நிலைக்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். தவறு செய்த வினா சில நாள் இடைவெளியில் மீண்டும் வருவது மிக நல்ல ஏற்பாடு. அது ‘நீங்கள் முன்பு தவறவிட்டது’ என்ற பெயரோடு வர வேண்டும். புது வினா என்ற வேடத்தில் முழுத்தேர்வுக்குள் வந்தால், மாணவர் விடையை நினைவிலிருந்து போடுகிறார், இயந்திரம் அதை அறிவு என்று கணக்கெழுதுகிறது. வினாக்கிடங்கு சிறிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல சான்று. மேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வு கணினிவழி அறிமுகமான புதிதில், கப்ளான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே அனுப்பித் தேர்வெழுத வைத்து, நினைவில் நின்ற வினாக்களைத் தொகுத்தது. ஒரே வினாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று காட்டுவதற்காகவே அப்படிச் செய்ததாகச் சொன்னது. தேர்வை நடத்திய இடிஎஸ் அந்த டிசம்பரில் தேர்வு நாட்களைக் குறைத்தது, கப்ளான் மேல் வழக்கும் போட்டது. நிஜத் தேர்வே இப்படித் தடுமாறியது என்றால், ஓராண்டு முழுக்க ஒரே கிடங்கில் உழலும் பயிற்சி மாணவரின் மதிப்பெண்ணில் நினைவின் பங்கு எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

எண்ணிக்கை மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லட்சம் வினா என்று விளம்பரம் வந்தால் ஒரு கணக்கு போடுங்கள். வினாவுக்கு ஒரு நிமிடம், தினம் நான்கு மணி நேரம் என்றால் முடிக்க நானூறு நாளுக்கு மேல் ஆகும். தவறியதைத் திரும்பிப் பார்க்க நேரமே கிடையாது.

தமிழில் எழுதும் மாணவர்களின் நிலை தனியாகப் பேச வேண்டியது, ஏனென்றால் எல்லாத் திருத்தங்களின் வாலும் கடைசியில் அவர்கள் மேல்தான் விழுகிறது. 2018 நீட்டின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தது என்று வழக்கானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வினாவுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்து, ஆண்டிறுதியில் ரத்தும் செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில மூலமே இறுதி என்பது இன்றும் நீட் விதி.

நிஜத் தேர்வில், பிழையோ சரியோ, தமிழ்த் தாளும் ஆங்கிலத் தாளும் ஒரே நாளில் ஒரே வடிவில் அச்சாகின்றன. பயிற்சித் தொகுப்பில் அந்த உறுதி இல்லை. திருத்தம் ஆங்கிலத்தில்தான் முதலில் நடக்கும், ஏனென்றால் வினாவை எழுதியவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், குறை சொல்லும் மாணவர்களில் பெரும்பாலோரும் ஆங்கிலத்தில் படிப்பவர்கள். தமிழ் வடிவம் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் தனி வேலையாகப் போய் வர வேண்டும். ‘சரியானது எது’ என்ற வினாவை ஆங்கிலத்தில் ‘தவறானது எது’ என்று திருப்பி, விடைக்குறிப்பையும் மாற்றிவிட்டு, தமிழ்ப் பக்கத்தை அப்படியே விட்டால், தமிழில் எழுதுபவர் சரியாகவே யோசித்துச் சரியான விடையைக் குறித்து மைனஸ் வாங்குவார். விளக்கத்தைத் திறந்தால் அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். தனக்குப் பாடம் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். முன்னே சொன்ன சலித்தெடுக்கும் வசதியும் இவருக்கு உதவாது. தமிழில் எழுதுபவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் மொத்தத் தரவில் அந்த வினா நன்றாகவே வேலைசெய்வதுபோல் தெரியும். மொழிவாரியாகத் தரவைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நாளில் அகப்பட்டுவிடும் பிழை, பிரித்துப் பார்க்க ஆளில்லாததால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

ஆகவே இந்தச் சந்தையில் பணம் கட்டுவதற்கு முன் வினா எண்ணிக்கையைக் கேட்பதைவிட வேறு சிலவற்றைக் கேட்கலாம். முழுத்தேர்வுக்கு என்று ஒதுக்கிய வினாக்கள் அத்தியாயப் பயிற்சியில் வராமல் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரு தாள் திருத்தப்பட்டால் புது எண்ணோ தேதியோ போடுகிறார்களா? விடைக்குறிப்பு மாறினால் ஏற்கெனவே எழுதியவர்களுக்குச் செய்தி போகிறதா? தவறான வினாவை நீக்கினாலும் மாணவரின் பழைய பதிவில் அது ‘நீக்கப்பட்டது, காரணம் இது’ என்று தெரிகிறதா? இவற்றில் எதற்கும் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரலில் ஒரு வரியை மாற்றினால்கூட யார், எப்போது, ஏன் என்று பதிந்துவைக்கிறார்கள். அதே அலுவலகத்தில், அதே கணினிகளில், வினாக்களை மட்டும் தடயமில்லாமல் மாற்ற முடிகிறது.

தமிழில் எழுதப்போகிறவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நீட் தேர்வறையில் அவருக்குக் கிடைக்கும் வினாப்புத்தகத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஐயம் வரும்போது ஆங்கில வரியை ஓட்டமாகப் பார்த்துக்கொள்வது அங்கே தேவைப்படும் பழக்கம். பயிற்சித் திரையில் மொழியை மாற்ற ஒரு பொத்தானை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு மொழியை மட்டும் காட்டினால் அந்தப் பழக்கம் வராது. இரண்டு மொழியிலும் ஒரே திருத்தம் நடந்திருக்கிறதா என்று சரிபார்க்கவும் அவருக்கு வழி இருக்காது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டி, ஒவ்வொன்றும் கடைசியாக எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டாலே, தமிழ்ப் பக்கம் எத்தனை மாதம் பின்தங்கிக் கிடக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடும். தேதி போடத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.